பூச்சியத்துக்குக் கீழே அம்மாவும் அத்தையும்

எங்கள் தோட்டத்து லயத்தில் என் படிப்பை விளக்கும் பொறுப்பு அப்பாவுடையது. நான் விளக்கினால் யாருக்கும் விளங்காது என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டது. இயந்திரக் கற்றலும் புள்ளிவிபரவியலும் என்று நான் தொடங்கியதுமே, கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்துவிடும். அப்பா ஒரே வரியில் முடிப்பார்: "மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறான்." அதற்கு எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். கோயில் கமிட்டித் தலைவர் மட்டும் என்னைக் காணும்போதெல்லாம், "என்ன தம்பி, மெஷின் ஓ/எல் பாஸ் பண்ணிருச்சா?" என்று விசாரிப்பார். கிண்டல் இல்லை. அவருடைய மகன் அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதிக் கணக்கில் கோட்டைவிட்டவன். மெஷினுக்கே பாடம் ஏறுகிறதென்றால் மகனுக்கும் ஒரு வழி இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டில் ஐந்தாம் தரத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எதையும் அளவுக்கு மீறிச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வியாதி. விரிவுரையாளர் இருமினாலும் குறிப்பு எடுப்பேன். மாஸ்டர்ஸ் முடித்தால் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர் இடம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து, மலையிறங்கிப் போகும்போதே மனதுக்குள் பாடம் நடத்திக்கொண்டு போவேன். நாய்கள் ஒதுங்கி வழிவிடும்.

ஆய்வுக்கு நான் எடுத்த விஷயம் தேயிலை. பறித்த கொழுந்தின் படத்தைப் பார்த்து அது நல்லதா முத்தலா என்று சொல்லும் ஒரு மொடலை உருவாக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் இளசாக இருந்தால் நல்லது. இலை தடித்து இறுகிப்போயிருந்தால் முத்தல். மெஷினுக்கு இது தானாகத் தெரியாது. முந்நூறு படத்தைக் காட்டி, இது நல்லது, இது முத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது பெயர் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த யாராவது விஷயம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். ஒருவர் போதாது, இருவர் வேண்டும். இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாமல் சொல்ல வேண்டும். பாடத்தில் இதற்குச் சாராமை என்று பெயர்.

விஷயம் தெரிந்த இருவருக்கு நான் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. அம்மா இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, அதைவிட ஒரு வருடம் குறைவு. அந்த ஒரு வருடத்தை அம்மா அடிக்கடி ஞாபகப்படுத்துவார். அத்தை எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறார். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். சாராமைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

நகரத்தில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் முந்நூறு படத்தையும் இலக்கம் போட்டு இரண்டு பிரதி அச்செடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை எங்கள் காம்பராவில் ஒரு கட்டுடன் உட்கார வைத்தேன். அத்தையை அவருடைய காம்பராவில் இன்னொரு கட்டுடன் உட்கார வைத்தேன். நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், இரண்டு வாசலுக்கும் நடுவில், கொப்பியில் இரண்டு நிரல் கீறிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். நான் இலக்கத்தைக் கூப்பிடுவேன். மூத்தவர் என்பதால் அம்மா முதலில் சொல்வார். பிறகு அத்தை சொல்வார். நான் தலை நிமிராமல் எழுதுவேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லயத்துச் சுவர் கூரை வரை போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே, வரிசையாக ஒட்டியிருக்கும் ஆறு காம்பராவுக்கும் ஒரே வெளி. ஒரு காம்பராவில் வெங்காயம் வதக்கினால் ஆறு காம்பராவிலும் கண் கரிக்கும். அத்தையின் கணவர் மூன்று தடவை தும்மி நான்காவதைத் தேடுவதை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். இவ்வளவும் தெரிந்த நான்தான், நடுவில் சுவர் இருக்கிறது, சாராமை உறுதி என்று ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதி வைத்தேன். படித்தவன் செய்யும் பிழை இது. படிக்காத யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

"பதினேழு" என்று கூப்பிட்டேன்.

"நல்லது" என்றார் அம்மா.

சுவருக்கு அந்தப் பக்கம் தாள் சரசரத்தது. பிறகு அத்தை, ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைப்பதுபோல, "முத்தல்" என்றார்.

பதினேழாவது படத்தில் இருந்தது, நானே விடியற்காலையில் போய்ப் பனியோடு எடுத்த பச்சைப் பிள்ளைக் கொழுந்து. அதை முத்தல் என்றால் பிறந்த குழந்தையைத் தாத்தா என்று கூப்பிடலாம். ஆனால் நான் ஆராய்ச்சியாளன், குறுக்கிடக் கூடாது. அத்தை யோசித்துச் சொல்கிறார், அம்மா அவசரப்படுகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். மதியத்துக்குள் முந்நூறும் முடிந்தது. அன்று பின்னேரம், அனுபவம் மிக்க கண்கள் படத்தில் தெரியாத நரம்போட்டத்தையும் உணர்கின்றன என்று ஆய்வறிக்கையில் இன்னொரு பந்தி சேர்த்தேன். அதை வாசித்து எனக்கே புல்லரித்தது.

இரண்டு பேர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க கப்பா என்று ஓர் அளவு இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் ஒன்று வரும். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டிச் சொன்னால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வரும். மனிதர்கள் பொதுவாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் கணக்கை ஓட்டினேன். விடைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு தெரிந்தது. திரையில் அழுக்கு என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். அப்போதும் போகவில்லை.

பக்கத்தில் இருந்த கூட்டாளி எட்டிப் பார்த்தான். மடவளைக்காரன், என்னோடு படிப்பவன், வாப்பாவின் துணிக்கடையையும் பார்த்துக்கொண்டு எப்படியோ என்னைவிட நன்றாகப் புள்ளி எடுப்பவன். அது அழுக்கு இல்லை, மைனஸ் என்று சொல்லிவிட்டு, மேசையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் குலுங்கினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் கோவமா மச்சான்?" என்றான்.

அப்போதுதான் எனக்கு இடியப்ப உரல் ஞாபகம் வந்தது.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், தெல்தோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வீட்டில் ஒரு விசேஷம் என்று அத்தை எங்கள் இடியப்ப உரலை இரவல் வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது ஒரு பக்கத்துக் கைப்பிடி வெடித்திருந்தது. கொடுக்கும்போதே வெடித்திருந்தது என்றார் அத்தை. அம்மா உரலை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து இடியப்பம் அவிக்கும்போதெல்லாம், "இந்த ஒடஞ்ச உரல வச்சிக்கிட்டு" என்று கூரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். கூரை வழியாக அது போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு இருவரும் பேசுவதில்லை. அவசியமான தகவல்கள் அப்பா வழியாகப் போய்வந்தன.

புதன்கிழமை என் மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்து மேடம். சிரிக்க மாட்டார், ஆனால் சிரிப்பு வரும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இவ்வளவு காலமாப் படிப்பிக்கிறன் தம்பி. பூச்சியத்துக்கு இவ்வளவு கீழ ஒரு கப்பாவை இப்பதான் காணுறன். இது தற்செயலா வராது. இதுக்கு ஆரோ நல்லா வேலை செய்திருக்கினம்."

நான் உண்மையைச் சொன்னேன். சுவரைச் சொன்னேன். உரலைச் சொன்னேன். கைப்பிடி எந்தப் பக்கம் வெடித்தது என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம். இப்ப இந்த உரலை எந்த அத்தியாயத்தில எழுதப் போறீர்?"

பிறகு விஷயத்துக்கு வந்தார். மாதக் கடைசியில் முன்னேற்ற மதிப்பீடு. அதற்குள் லேபல்கள் சரியாக இல்லாவிட்டால் ஆய்வைத் தொடர அவர் கையெழுத்து வைக்க முடியாது. நான் டிப்ளோமாவோடு நிற்க வேண்டியதுதான். டிப்ளோமாவுக்கு அந்தத் தற்காலிக விரிவுரையாளர் கதவு திறக்காது என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். இருவரும் முரண்படும் படங்களை மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம், அதையாவது முயன்று பாரும் என்றார். நரம்போட்டப் பந்தியைச் சிவப்புப் பேனையால் நிதானமாக வெட்டினார்.

விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் அப்பா. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் தட்டில் வேலை செய்தவர். கொழுந்தை இருட்டில் தடவியே தரம் சொல்வார். அன்றைக்குப் பின்னேரமே முரண்பட்ட படங்களைக் கொடுத்தேன். முரண்பட்ட படங்கள் என்றால் கிட்டத்தட்ட முழுக் கட்டும்தான். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி முதுகையும் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே பதில் எழுதியிருந்தது: "சரியா தெரியல."

பதினேழாவது கூடவா தெரியவில்லை என்று கேட்டேன். அப்பா என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், வாசலையும் தாண்டிப் பைப்படி வரைக்கும் கூட்டிப்போய், அங்கேயும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, ஒரு பக்கம் சொன்னா எனக்குச் சோறு இல்ல. மத்தப் பக்கம் சொன்னா எனக்குத் தங்கச்சி இல்ல. தெரியலன்னே எழுதிக்க. முப்பது வருசமா நான் அப்படித்தான் பொழைக்கிறேன்."

மேலே நடந்ததை நான் ஆய்வறிக்கையில் எழுதவில்லை. அதன் பிறகு செய்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை கண்டி மார்க்கெட்டுக்குப் போய்ப் புது இடியப்ப உரல் ஒன்று வாங்கினேன். அதை அம்மாவிடம் கொடுத்து, அத்தை தந்தார் என்று சொன்னேன். தரவு விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு ஒரு பாடமே இருந்தது. உரல் தரவில் சேராது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மா உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி இளகியது. அடுத்த நாள் காலை அதில் இடியப்பம் பிழிந்து, சொதியும் சம்பலும் வைத்து, அப்பாவிடம் கொடுத்து அடுத்த காம்பராவுக்கு அனுப்பினார். உரலைப் பற்றி ஒன்றும் அறியாத அத்தை, அண்ணியே இறங்கி வந்து இடியப்பம் அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அதாவது ஒவ்வொருவரும் மற்றவர்தான் தோற்றார் என்று நம்பினார்கள். ஜெயித்தவர்களுக்குத்தான் தாராள மனம் வரும். பதினொரு மணிக்குள் சுவருக்கு மேலால் ஒரு பேசினில் பலாக்கொட்டைக் கறி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் படங்களின் வரிசையைக் கலைத்து, புது இலக்கம் போட்டு, புதிதாக அச்செடுத்த கட்டுகளுடன் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பதில்களைத் தாளில் பேசாமல் எழுதச் சொன்னேன். இருவரும் எழுதப் பழகியவர்கள் இல்லை; நல்லதுக்குச் சரி அடையாளமும் முத்தலுக்குப் பிழை அடையாளமும் போட்டால் போதும் என்றேன். சுவரைத் தோற்கடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன்.

பத்தாவது படத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "இந்தா, இந்தப் பத்துக்கு நீ என்னத்தப் போட்ட?"

"நீங்க சொல்லுங்கண்ணி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நீ மொதல்ல சொல்லு. ஒனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும்."

பேசக் கூடாது என்று நான் இஸ்தோப்பிலிருந்து எழுந்து சொன்னேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில், நீ பேசாம இரு தம்பி, பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம் என்று பதில் வந்தது. அரை மணித்தியாலத்தில் அத்தை தன் கட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கே வந்துவிட்டார். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கொழுந்து எந்த மலையில் பறித்ததாக இருக்கும் என்பது வரை பேசி முடிவெடுத்தார்கள். திங்கட்கிழமை கணக்கை ஓட்டினேன். கப்பா சரியாக ஒன்று. ஒரு தசமம் கூடக் குறையவில்லை. மடவளைக் கூட்டாளி எழுந்து நின்று கைகொடுத்தான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இது சண்டையை விடப் பழுது தம்பி என்றார். மதிப்பீட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்று மலையேறிப் போகும்போது நான் மனதுக்குள் பாடம் நடத்தவில்லை. டிப்ளோமாவை அப்பா ஒரே வரியில் எப்படி விளக்குவார் என்று யோசித்துக்கொண்டு போனேன். நாய்கள் ஒதுங்கவில்லை, நான்தான் ஒதுங்கிப் போனேன்.

வழியைக் காட்டியது பௌர்ணமிப் போயா விடுமுறை. அன்றைக்கு அத்தை தெல்தோட்டைக்கு மகளைப் பார்க்கப் போகிறார் என்று வீட்டுக்குள் வந்ததுமே தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் வருகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

போயா அன்று கலஹா பஸ்ஸில் அத்தைக்குப் பக்கத்தில், மடியில் ஒரு கட்டுப் படத்தோடு போனேன். அதே நேரத்தில் கூட்டாளி தன் மோட்டார் சைக்கிளில் ஹந்தானைக்கு ஏறி, எங்கள் காம்பராவில் அம்மாவுக்கு முன்னால் இன்னொரு கட்டோடு உட்கார்ந்தான். வரிசை மறுபடி கலைக்கப்பட்டது. இரண்டு கட்டுக்கும் வெவ்வேறு வரிசை. இருவருக்கும் நடுவில் இப்போது ஒரு மலைத்தொடர் இருந்தது. அதுவும் கூரை வரை போவதில்லைதான், ஆனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

தெல்தோட்டையில் மகள் வீட்டில் அறுபது படம் ஒழுங்காகப் போனது. பிறகு அத்தை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். என் போன் அடித்தது. கூட்டாளி.

"மச்சான், உம்மட அம்மாட போன் அடிக்கிது. அத்தை எண்டு விழுது. நான் என்ன செய்ய?"

பின்பக்கம் ஓடினேன். அடுப்பில் கேத்தல் கூட வைக்கப்படவில்லை. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, போனைக் காதில் வைத்தபடி, அந்தப் பக்கம் எடுப்பதற்காகக் காத்திருந்தார். என்னைக் கண்டதும் போனைச் சேலைக்குள் மறைத்தார்.

"சும்மா, அண்ணி சாப்பிட்டாங்களான்னு கேக்கத்தான்."

நான் கை நீட்டினேன். அத்தை என்னைச் சிறுவயதில் தூக்கி வளர்த்தவர். அவரிடம் நான் எதையும் கேட்டுப் பறித்ததில்லை. அவர் போனைத் தந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, மேலே இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாக, "பிழையாச் சொல்லிட்டா ஒனக்குத்தானே தம்பி கெடுதல். ரெண்டு பேருமா கேட்டுச் சொன்னா பாஸ் ஆகிருவேன்னு நெனச்சேன்" என்றார்.

இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து அத்தனை படத்தையும் பேசிப் பேசி முடிவெடுத்தது எனக்காக என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை முத்தல் முத்தல் என்று சொன்னதும் எனக்காகவா என்று கேட்டேன். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அது வேற" என்றார்.

பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, மனதில் பட்டதைச் சொன்னால் போதும், நான் பாஸ் ஆக அதுதான் வேண்டும் என்று சொன்னேன். அதன் பிறகு அத்தை ஒவ்வொரு படத்தையும் தோட்டத்தில் பார்ப்பதுபோலப் பார்த்தார். பெருவிரலால் தாளைத் தடவித் தடவிப் பார்த்தார். பச்சைப் பிள்ளைக் கொழுந்து வந்தது. பார்த்த உடனேயே, "இது நல்லது, இத யாரு முத்தல்னு சொல்லுவா" என்றார். நான் தலை நிமிராமல் எழுதினேன்.

இந்தத் தடவை கப்பா மைனஸும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பேர் ஒரே வேலையை வருடக்கணக்காகத் தனித்தனிக் கையால் செய்தால் எவ்வளவு ஒத்துப்போவார்களோ அவ்வளவு. முரண்பட்டது இருபத்துச் சொச்சம் படத்தில். அவற்றை நானும் உற்றுப் பார்த்தேன். எனக்கும் இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது.

மதிப்பீட்டு நாளில் எனக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்த பேராசிரியர், லேபல் இட்டவர்களின் சாராமையை எப்படி உறுதிப்படுத்தினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதற்காகவே காத்திருந்தவன்போல நான் அடுத்த பக்கத்தைத் திரையில் போட்டேன். அது கண்டி மாவட்டத்தின் வரைபடம். ஹந்தானையில் ஒரு புள்ளி, தெல்தோட்டையில் ஒரு புள்ளி, நடுவில் மலைகள். கைத்தொலைபேசிகள் ஆராய்ச்சிக் குழுவின் பொறுப்பில் வைக்கப்பட்டன என்று கீழே ஒரு வரி. அவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். மூலையில் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு போட்டுக்கொண்டு, என் படிவத்தை இழுத்து, கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து, இருபது படத்தில் மட்டும் முரண்பட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், மெஷின் அடுத்த வகுப்புக்கு ஏறிவிட்டது என்று அறிவித்தார். கமிட்டித் தலைவர் தன் மகனை என்னிடம் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா புது உரலில் மாவை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட உட்காரும் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, ஏதோ உப்புச் சரியா என்று கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டார்.

"அது சரி தம்பி. நானும் ஒங்க அத்தையும் மாத்திச் சொன்னோமே அந்த இருவது படம். அதுல யாரு சொன்னது சரி?"

சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அப்பா தட்டிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"சரியா தெரியலம்மா" என்றேன்.

பிறகு அந்தப் பக்கத்தில் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. அப்பா தன் தட்டிலிருந்த முட்டைப் பாதியை எடுத்து என் தட்டில் வைத்தார்.